எலும்புக்கூட்டுக்கு ஒயரிங்: ஒரு பழைய 1/25 ஸ்லிங்ஷாட் கிட்டோடு நாலு மாசம்

முன் சக்கரம் ஒன்றைக் காணோம். மேஜைமேல் பழைய பேப்பரை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து, பாகங்களை எண்ணியபோது முதலில் தெரிந்தது அதுதான். பெட்டிக்குள் இருந்தது ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர், அதாவது நேர்கோட்டில் பாயும் பழைய ரேஸ் வண்டி ஒன்றின் 1/25 அளவு பிளாஸ்டிக் மாடல். அதற்கு முன்னால் இருப்பதே சைக்கிள் சக்கரம் மாதிரி மெல்லிசாக இரண்டு. அதில் ஒன்று இல்லையென்றால் மற்ற எழுபது சொச்சம் பாகம் இருந்து என்ன பிரயோஜனம்?

தப்பு என் மேல்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கார் டிக்கியைத் திறந்து வைத்துக் கடை போட்டிருந்த ஒருவரிடம் 28 டாலர் கொடுத்து வாங்கினேன். பெட்டி ஏற்கெனவே பிரித்தது. எண்ணிப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும், படத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். அதனால்தான் இங்கே கம்பெனி பெயரைப் போடவில்லை. சக்கரத்தைத் தொலைத்தது யார் என்று தெரியாமல் ஒரு பெயர்மேல் பழியைப் போடக் கூடாது. அதுவும் போக, 1960-களில் வெட்டிய டைகள், அதாவது பாகங்களை வார்க்கும் அச்சுகள், கம்பெனி விட்டுக் கம்பெனி கைமாறி, பெட்டிப் படம் மட்டும் புதுசாகி, இன்றைக்கும் பிளாஸ்டிக் கக்கிக்கொண்டு இருக்கின்றன. அந்த வயசு டையில் வந்த ஸ்லிங்ஷாட் எதை வாங்கினாலும் நான் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோயம்புத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறைக்குள் வளர்ந்தவன். இப்போது தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு மிஷின் ஷாப்பில் சிஎன்சி புரோகிராம் போடுகிறேன். வீடு போமோனா டிராக் ஸ்டிரிப்புக்குப் பக்கம். ரேஸ் நடக்கிற வாரத்தில் வாசலில் நின்றாலே இடி உருளுகிற மாதிரி சத்தம் வரும். முதல் தடவை டிக்கெட் எடுத்து உள்ளே போனபோது காதைப் பொத்திக்கொண்டேன், கண்ணைப் பொத்தத் தெரியவில்லை. அந்த வண்டிகள் எரிக்கும் நைட்ரோமீத்தேனின் புகை வெங்காயம் அரிந்த மாதிரி கண்ணில் இறங்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இந்தக் கிட்வரை கொண்டுவந்து விட்டது.

ஸ்லிங்ஷாட் என்றால் நம் ஊர் உண்டிவில். நீளமான குழாய்ச் சட்டம், நடுவில் இன்ஜின், அதற்குப் பின்னால் பின் அச்சு, அதற்கும் பின்னால் டிரைவர். உண்டிவில் வாரில் வைத்த கல் மாதிரி கடைசியில் உட்கார்ந்திருப்பார். டிஃபரென்ஷியல் அவருடைய கவட்டைக்கு நடுவே. கிளட்ச் உறை, அந்தக் கால வண்டிகள் சிலவற்றில் கியர் பெட்டியும், அவர் பாதத்துக்குப் பக்கத்தில். முழு வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும்? 1970 மார்ச் 8-ல் லாங் பீச் பக்கம் லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்பில் பேர்போன டிராக்ஸ்டர் ஓட்டுநர் டான் கார்லிட்ஸுக்கு அதுதான் ஆனது. டிரான்ஸ்மிஷன் சிதறி, வண்டி இரண்டு துண்டாகி, வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது. மனுஷன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே இன்ஜினைப் பின்னால் வைத்து ஒரு வண்டியை யோசித்தார். அடுத்த வருஷம் இதே போமோனாவில் வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை ஜெயித்தும் காட்டினார். கொஞ்ச வருஷத்தில் ஸ்லிங்ஷாட் வழக்கொழிந்து போனது. என் பெட்டிக்குள் இருந்தது அப்படிச் செத்துப்போன இனத்தின் எலும்புக்கூடு.

எலும்புக்கூடு என்று சும்மா சொல்லவில்லை. சாதாரண கார் மாடலில் பாடி மூடிவிடும், பானெட்டைத் திறந்தால்தான் இன்ஜின் தெரியும். இதில் மூடி மறைக்க எதுவுமே இல்லை. மூக்கில் ஒரு தகடு, டிரைவரைச் சுற்றி ஒரு தகடு, மற்றதெல்லாம் குழாயும் இன்ஜினும் ஒயரும். கிட் கொடுத்த பாகத்தை மட்டும் ஒட்டி வைத்தால் வண்டி பொம்மையாகத்தான் இருக்கும். பெட்டிக்குள் பெட்ரோல் லைன் கிடையாது, ஸ்பார்க் பிளக் ஒயர் கிடையாது, த்ராட்டில் கம்பி கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. செய்முறைத் தாளில் இவற்றைப் பற்றிப் பேச்சும் கிடையாது.

சட்டத்திலிருந்து வருகிறேன். இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக வார்த்திருக்கிறார்கள். ஒட்டி எங்கள் ஷாப்பில் சமதளம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தேன். வலது முன் முனை பிளேட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 1.4 மில்லி தூக்கல். அச்சின் இரண்டு பாதியும் நேராகச் சேராததை ஃபவுண்டரிக்காரர்கள் மிஸ்மேட்ச் என்பார்களே, அது சட்டம் முழுக்க ஓடியது. குழாயின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு. பிசிறோ கேட்கவே வேண்டாம், ரோல் கூண்டின் வளைவுகளுக்குள் சவ்வு மாதிரி கட்டியிருந்தது. கத்தி முதுகால் சுரண்டி, 400 நம்பர் உப்புத்தாளைக் குச்சி மாதிரி சுருட்டி உருட்டி உருட்டித் தேய்த்து, சட்டத்துக்கு மட்டும் மூன்று வாரம் போனது. தூக்கலை வெந்நீரில் காட்டித் திருகி எடுத்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், முருங்கைக்காய் வெந்த மாதிரி தொங்கிவிடும்.

இங்கே ஒரு சௌகரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1/25 அளவில் நிஜ வண்டியின் ஓர் அங்குலம் 1.016 மில்லி. கணக்கே வேண்டாம், அங்குலத்தை அப்படியே மில்லியாகப் படித்துக்கொள்ளலாம். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றரை மில்லி. 200 அங்குல வீல்பேஸ் 203 மில்லி. அமெரிக்க டிராயிங்கில் உள்ள அங்குலத்தை வெர்னியரில் மில்லியாக வைத்து வெட்டிக்கொண்டே போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அங்குலத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இன்ஜினில்தான் கிட் பெயர் வாங்குகிறது. கிரைஸ்லர் 392 ஹெமி, அதாவது 392 கன அங்குல வி8. பிளாக், ஹெட், வால்வ் கவர் எல்லாம் அரை நூற்றாண்டு தாண்டியும் கூர்மையாக இருக்கின்றன. அந்த டையை வெட்டியவர் நிஜ இன்ஜினைக் கையால் தடவிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். மேலே உட்காரும் 6-71 புளோயரின் விலா எலும்புகள்கூடத் தனித்தனியாக எண்ணும்படி இருக்கின்றன. அந்தப் புளோயருக்கு ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினுக்குக் காற்று ஊத வைத்தது அது. 6 என்றால் ஆறு சிலிண்டர், 71 என்றால் சிலிண்டருக்கு 71 கன அங்குலம். லாரியிலும் பஸ்ஸிலும் யுத்த காலத்துத் தரையிறங்கு படகிலும் உழைத்ததைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி ரேஸ் இன்ஜின் தலையில் ஏற்றிவிட்டார்கள். காயலான் கடையில் கழற்றியதைக் கிணற்று மோட்டாரில் போட்டு ஓடவிட்ட ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்காதா?

ஆனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் மேக்னெட்டோ மோசம். 392-க்கு அது இன்ஜினின் பின்பக்கம் நிற்கும், டிரைவருக்கு நேர் எதிரே, பார்க்கிறவர் கண் முதலில் விழும் இடத்தில். கிட்டில் அது ஒரு மொட்டை உருண்டை, மிளகு மாதிரி. தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியக் கம்பியில் நாலரை மில்லி விட்டத்தில் ஒன்று கடைந்தேன். மூடியில் 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டு ஓட்டை, ஒவ்வொன்றும் 0.35 மில்லி. மூன்று பிட் உடைந்தது. நாலாவது பிட்டைக் கையால் சுற்றும் பின் வைஸில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தேன்.

ஒயருக்கு வருவோம். நிஜ பிளக் ஒயர் 8 மில்லி தடிமன். 25-ஆல் வகுத்தால் 0.32. இங்கே மாடல் கடைகளில் இதற்கென்றே பொட்டலம் போட்டு விற்கிறார்கள். நான் வாங்கிய பொட்டலத்தில் இருந்ததை அளந்தால் அரை மில்லிக்கு மேல், இன்ஜின்மேல் நூடுல்ஸ் கொட்டிய மாதிரி இருந்தது. அப்போதுதான் தம்பியின் ஞாபகம் வந்தது. கணபதியில் பம்பு மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். 30 கேஜ் வைண்டிங் கம்பி 0.315 மில்லி! ஊருக்குப் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர் கையில் ஒரு சின்னக் கண்டு கொடுத்தனுப்பினான். "எத்தனை எச்பி மோட்டாருண்ணா?" என்று போனில் கேட்டான். ஆயிரத்துக்கு மேல் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

எட்டுக் கம்பியையும் கண்ட இடத்தில் சொருகிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மனசு கேட்கவில்லை. கிரைஸ்லர் வி8-ன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. இடது வரிசையில் முன்னாலிருந்து 1, 3, 5, 7. வலது வரிசையில் 2, 4, 6, 8. மேக்னெட்டோ மூடியில் ஒரு ஓட்டையை ஒன்று என்று வைத்துக்கொண்டு, சுற்றும் திசையில் ஒவ்வொன்றாக அதனதன் சிலிண்டருக்கு இழுத்தேன். ஹெமியில் பிளக் வால்வ் கவரின் நடுவிலேயே இறங்கும். கிட்டில் அந்த இடத்தில் லேசான குழிதான் இருந்தது, அதையும் துளைத்துக் கம்பியை உள்ளே விட்டேன். எட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வளைந்து இறங்க இரண்டு ராத்திரி. பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வீட்டு மிக்ஸி ஒயர் ஒரு மாசமா அந்துபோயிக் கிடக்குது, தெரியுமுங்களா?" என்றாள்.

மிக்ஸியை அந்தச் சனிக்கிழமையே சரி செய்துவிட்டேன், பதிவுக்காகச் சொல்கிறேன்.

பெட்ரோல் லைன் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், உள்ளே ஓடுவது பெட்ரோல் இல்லை. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டு வருவதால் அதற்கு 1.7 பங்கு போதும். அதே காற்றுக்கு எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளை ஊற்றலாம் என்று அர்த்தம். ஊற்ற ஊற்ற பலம். அதனால்தான் நிஜ வண்டியில் அந்தக் குழாய் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் கனத்துக்கு இருக்கிறது. மூக்குப் பக்கத்து டேங்கிலிருந்து சட்டத்தை ஒட்டி ஓடி, இன்ஜினின் முன்னால் கேம் ஷாஃப்டால் சுற்றும் பம்புக்குள் நுழையும். எந்தப் பக்கமாக ஓடும், எங்கே கிளிப் போடுவார்கள் என்று தெரியாமல் போமோனா ஃபேர்பிளெக்ஸில் இருக்கும் வாலி பார்க்ஸ் என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) மியூசியத்துக்கே போய்விட்டேன். மற்றவர்கள் வண்டியின் முகத்தைப் படம் எடுத்தார்கள். நான் தரையில் மண்டி போட்டு வயிற்றை எடுத்தேன். காவலாளி இரண்டு தடவை என்னைக் கடந்து போனார்.

இந்த மாடல் கட்டுகிறவர்களுக்கு அந்த மியூசியத்தைவிட நல்ல செய்முறைத் தாள் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்காத வண்டிகள் இருக்கின்றன, போல்ட் தலைவரை தெரிகிறது. ரேடியேட்டர் எங்கே என்று தேடினேன், கிடையாது. ஓட்டமே சில விநாடிதான், சூடு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். முன் சக்கரத்தில் பிரேக்கும் இல்லை. கிட்டில் விட்டுப்போனது என்று நான் நினைத்த இரண்டு சாமான் நிஜத்திலேயே இல்லாதது என்று அங்கே தெரிந்துகொண்டேன். அந்த மட்டில் கிட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எக்ஸாஸ்ட் குழாய்கள் எட்டும் மேல்நோக்கி வளைந்து பின்னால் திரும்புபவை, ஜூமி என்பார்கள். டயர் புகையைக் கிழித்து டிரைவருக்கு வழி காட்டும், கூடவே டயரையும் சூடாக்கும். கிட்டில் முனைகள் அடைத்த கட்டைகளாக இருந்தன. ஒவ்வொன்றிலும் முதலில் ஊசியால் குத்தி, அரை மில்லி, பிறகு ஒரு மில்லி என்று துளைத்தேன். குரோம் முலாம் பூசித்தான் வந்தது, ஆனால் பிசிறைத் தேய்த்தால் முலாம் போய்விடும், தேய்க்காவிட்டால் பிசிறு தெரியும். ஆகவே மொத்தத்தையும் துணிக்குப் போடும் பிளீச்சில் ஊறவைத்துக் கழற்றினேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் சேர்க்காதீர்கள். அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். பிறகு பளபளப்புக் கறுப்பு அடித்து, அதன்மேல் ஆல்கிளாட் குரோம் மெல்லிசாக ஊதினேன். இந்த வேலைக்கு நான் பயன்படுத்தியதில் அதுதான் நம்பர் ஒன். ஆனால் அடியில் உள்ள கறுப்பு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அதில் ஒரு தூசி இருந்தால் குரோமில் பத்தாகத் தெரியும்.

பெயிண்டுக்குக் கேண்டி சிவப்பு. தங்க நிறத்தை அடியில் அடித்து, மேலே கண்ணாடி மாதிரி சிவப்பை ஊதினால் வெளிச்சம் உள்ளே போய்த் தங்கத்தில் பட்டுச் சிவந்து திரும்பும். டாமியா டிஎஸ்-21 தங்கம், மேலே டிஎஸ்-74 கிளியர் ரெட். ஸ்ப்ரே டப்பா என்றாலும் தூறல் அவ்வளவு சீர். ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் இருண்டுகொண்டே போகும் என்பதால் மூக்குத் தகட்டுக்கும் வால் தகட்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும், ஒன்று கூடினால் இரண்டு வண்டியின் பாகம் மாதிரி ஆகிவிடும். முதலில் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் ஒன்று முதல் ஆறு பூச்சுவரை அடித்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாலாவது ஸ்பூன் பிடித்தது, மாதுளம்பழ நிறம். கோவையில் இருந்தபோது ஐப்பசி மழையில் ஸ்ப்ரே அடித்து ஈரம் பிடித்துப் பால் மாதிரி வெளுத்துப்போன அனுபவம் உண்டு, இங்கே அந்தப் பயம் இல்லை என்று தெனாவெட்டாக வாசலில் அடித்தேன். சாண்டா ஆனா காற்று பாலைவனத்திலிருந்து வரும் என்பதை மறந்துவிட்டேன். மாதுளம்பழத்தில் மணல். மறுபடி தேய்த்து, மறுபடி தங்கம், மறுபடி நாலு.

வண்டிமேல் ஒட்டும் எழுத்தும் படமும் உள்ள டெக்கால் தாள் மஞ்சளித்துப் போயிருந்தது. அதற்கு வைத்தியம் சுலபம்: ஜிப் பையில் போட்டு வெயில் அடிக்கும் ஜன்னலில் ஒட்டிவிட்டு, வத்தல் காயவைக்கிற மாதிரி மறந்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் வெளுத்துவிட்டது. டெக்காலை இளக்கும் மைக்ரோ சால் தடவியதும் தகட்டின் ரிவெட்டுகள்மேல் தோல் மாதிரி படிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பின் டயர்கள் வினைல். நடுவில் அச்சுக் கோடு ஓடும். 320 உப்புத்தாளில் தேய்த்தால் கோடும் போகும், ரப்பர் பளபளப்பும் போகும், ஸ்லிக் டயர் (பட்டன் வெட்டாத வழுக்கை டயர்) ஸ்லிக் டயராகத் தெரியும். இன்னொரு சமாசாரம். பழைய வினைல் டயர் வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் ரிம்மோடு உட்கார்ந்தால் அதிலிருந்து கசியும் எண்ணெய் மாதிரியான சரக்கு ரிம்மை உருக்கிவிடும். சமையல்கட்டு அலுமினியத் தாளில் ஒரு சுற்றுச் சுற்றி ரிம்மை உள்ளே தள்ளினேன். சீட் பெல்ட்டுக்கும் பாராசூட் பையின் வாருக்கும் ஆஸ்பத்திரி மைக்ரோபோர் டேப். அந்த நெசவு 1/25-க்கு அச்சு அசல் கேன்வாஸ்.

தொலைந்த சக்கரத்துக்கு வருகிறேன். அந்த அளவில் தனியாகக் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றும் லட்சணமாக இல்லை, ஸ்போக் ஒவ்வொன்றும் கரும்பு கனம். இரண்டையும் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். இந்தக் கிட்டில் எனக்குப் பிடித்த பத்து நாள் அதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுமினியத்தில் ரிம் கடைந்தேன்: வெளி விட்டம் 18 மில்லி, சுவர் 0.6. கோணம் பார்த்துத் திருப்பும் இண்டெக்ஸரில் பிடித்து 15 டிகிரிக்கு ஒரு துளை, மொத்தம் 24, ஒவ்வொன்றும் 0.2 மில்லி. நிஜ சக்கரத்தில் இன்னும் அதிகம் இருக்கும், என் கண்ணுக்கு 24 தான் கொள்ளும். ஸ்போக்குக்கு எது என்று மண்டையைக் குடைந்தேன். கிடார் தந்தி தடிமன், தலைமுடி மெல்லிசு. கடைசியில் தூண்டில் கடையில் கிடைத்தது, மீனுக்குத் தெரியாமல் இருக்கக் கொக்கிக்கு முன்னால் கட்டும் நரம்பு, 0.127 மில்லி. இருபத்தைந்தால் பெருக்கிப் பாருங்கள், மூன்று மில்லி சொச்சம், நிஜ ஸ்போக் கனம்.

மரக்கட்டையில் ரிம்முக்கு ஒரு பள்ளம், நடுவில் ஹப்புக்கு ஓர் ஆணி. ரிம் துளையில் நுழைத்து, ஹப்பின் பள்ளத்தில் சுற்றி, எதிர்த் துளைக்கு. கட்டில் கயிறு பின்னுகிற மாதிரிதான். விறைப்பு கூடினால் ஹப் ஒரு பக்கம் சாயும், குறைந்தால் நரம்பு தொய்யும். ஒவ்வொரு நாலு ஸ்போக்குக்கும் ஒரு தடவை டயல் இண்டிகேட்டரை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். முடித்துவிட்டு மேலே வெள்ளி நிறம் ஊதி ஆணியில் மாட்டிச் சுண்டினால் தள்ளாடாமல் சுற்றியது. ஒரு மணி நேரம் சுண்டிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஷாப்பில் முன்பு கிரைண்டிங் பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயசு எண்பதை நெருங்குகிறது. இளவட்டத்தில் ஒரு டிராக்ஸ்டர் குழுவில் வார இறுதிகளில் கிளட்ச் கழற்றி மாட்டியவர். தம்பி என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது, ஆனால் என்னைக் கூப்பிடும் தொனி அதுதான். அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பெயிண்டைப் பார்க்கவில்லை, குரோமைப் பார்க்கவில்லை. பல் குத்தும் குச்சி ஒன்றை எடுத்து, மேக்னெட்டோ மூடியில் ஒரு கம்பியைத் தொட்டு, அப்படியே தடவிக்கொண்டே போனார். அடுத்த கம்பி வலது வரிசையின் கடைசி பிளக்கில் போய் நின்றது. எட்டு. அடுத்தது நாலு. மூன்று. எட்டையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பாராட்டு எதுவும் வரவில்லை. குச்சியை அப்படியே பின்னால் நகர்த்திக் கிளட்ச் உறைமேல் வைத்தார்.

"இங்கே போல்ட் எங்கே?"

கிட்டில் அது வழுவழுவென்று கோயில் மணி மாதிரி ஒரு கூடு. நான் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே கிளட்ச் சிதறினால் துண்டுகள் டிரைவர் காலுக்கு வராமல் தடுக்கிற கவசம் அது, அதை இன்ஜினோடு பிடித்து நிறுத்துவது அந்தப் போல்ட்டுகள்தான். அவர் கையால் மாட்டிக் கழற்றியது. அவர் முதலில் தேடியது அதை. வீட்டுக்கு வந்து 0.8 மில்லி அறுகோணப் பிளாஸ்டிக் குச்சியைச் சீவிச் சீவி, உறையின் விளிம்பு முழுக்கத் தலைகளாக ஒட்டினேன். ஒன்று இடுக்கியிலிருந்து துள்ளிக் கம்பளத்துக்குள் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வாங்கலாமா? கிட் 28 டாலர். பெயிண்ட், குரோம், டெக்கால் மருந்து, உடைந்த பிட் எல்லாம் சேர்த்து இன்னொரு 65. வைண்டிங் கம்பிக்குத் தம்பி காசு வாங்கவில்லை. வார இறுதியில் ஒட்டி அலமாரியில் வைக்க ஆசைப்படுபவர் இந்தப் பக்கமே வரவேண்டாம், ஜப்பான்காரர்கள் செய்யும் புதிய கிட் எதையாவது எடுங்கள், பெட்டியைக் குலுக்கினால் தானாகச் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளோடு சேர்ந்து கட்ட நினைத்தாலும் வேண்டாம், முதல் நாள் பிசிறிலேயே எழுந்து ஓடிவிடுவார்கள். இந்தக் குழாய் எங்கே போகிறது, இது எதற்கு இங்கே இருக்கிறது என்று கேட்கிற வியாதி இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இன்ஜினுக்காக வாங்குங்கள். சட்டத்துக்காகத் திட்டுங்கள். வாங்கும்போது சக்கரத்தை எண்ணுங்கள்.

எண்ணுவது என்றதும் ஒன்று. வண்டி ஹால் அலமாரியில் ஏறிய அன்று மகள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஸ்போக் இருபத்தி நாலுன்னு சொன்னீங்கல்ல? இடது சக்கரத்துல இருபத்தி மூணுதான் இருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். இருபத்து மூன்றுதான். இப்போது வண்டியின் இடது பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது.